ஒரேயொரு ஊரை வைத்து ஆய்வு செய்யலாமா?

கேள்வி: "நான் சமூகவியல் இறுதியாண்டு மாணவி. சொந்த இடம் மட்டக்களப்பு வாவியின் மேற்குப் பக்கமான படுவான்கரை. வாவிக்கு மேலாக மண்முனைப் பாலம் வந்த பிறகு எங்கள் ஊர்ப் பெண்களின் வாழ்க்கை எப்படி மாறியது என்பதை, எங்கள் ஊரை மட்டும் எடுத்து விடய ஆய்வாகச் (case study) செய்ய விரும்புகிறேன். 'ஓர் ஊரை வைத்து எதையும் பொதுமையாக்க முடியாது. 100 வினாக்கொத்துக் கொடுத்து வீதம் கணக்கிடு' என்கிறார் மேற்பார்வையாளர். விடய ஆய்வு உண்மையில் ஓர் ஆய்வு முறைதானா? ஆம் என்றால் எப்படிச் செய்வது?"

உங்கள் மேற்பார்வையாளர் சொன்னதில் ஒரு பாதி சரி. ஓர் ஊரைப் பார்த்துவிட்டு, "மட்டக்களப்பு மாவட்டப் பெண்களில் இத்தனை வீதம் பேர்" என்று எழுத முடியாது. எழுதினால் பிழை. ஆனால் மற்றப் பாதியை அவரிடமே மரியாதையாகத் திருப்பிக் கேட்கலாம்: அந்த 100 வினாக்கொத்தையும் எங்கே கொடுக்கச் சொல்கிறார்? அதே ஊரில்தானே. ஒரு கிராம உத்தியோகத்தர் பிரிவுக்குள் 100 பேரிடம் கேட்டுப் பெறும் வீதம் அந்தப் பிரிவைப் பற்றித்தான் பேசும். வாழைச்சேனைக்கும் திருக்கோவிலுக்கும் அது பொருந்தும் என்று எந்தப் புள்ளிவிபரவியல் நூலும் உத்தரவாதம் தராது. ஆகவே அவர் கேட்பதும் ஓர் ஊரைப் பற்றிய விடய ஆய்வுதான். ஆழம் மட்டும் குறைவு. முப்பது வருடங்களாக ஆய்வு முறையியல் படிப்பித்ததில் நான் வாசித்த ஆய்வேடுகளில் மிகப் பல இந்த வகை. பெயர் அளவீட்டு ஆய்வு, உடம்பு விடய ஆய்வு, இரண்டினதும் பலன் இல்லை.

முதலில் பெயர்ச் சிக்கலை ஒதுக்கிவிடுவோம். எங்கள் பாடக் குறிப்புகளில் 'தனியாள் ஆய்வு' என்ற சொல் வெகுகாலம் புழங்கியது. உளவியலிலும் மருத்துவத்திலும் அது பொருந்தும். அங்கே ஒரு நோயாளியை, ஒரு பிள்ளையை, ஆளையே ஆராய்கிறார்கள். அந்தச் சொல்லைப் பிடித்துக்கொண்டு சமூகவியல் மாணவர்களும் ஒரு விதவையின் கதை, ஒரு மீனவரின் கதை என்று எழுதி, பெட்டிக்குள் போட்டு, ஆய்வேட்டின் நடுவே அலங்காரமாக வைத்துவிடுகிறார்கள். தொண்டு நிறுவன அறிக்கைகளில் ஆடு வாங்கிக் கொடுத்த கதை, தையல் இயந்திரம் கொடுத்த கதை எல்லாம் இதே பெயரில்தான் வருகின்றன. அவை விளம்பரங்கள். அவற்றைப் பார்த்துப் பழகிய ஒருவர் விடய ஆய்வை மதிக்காமல் இருப்பதில் வியப்பில்லை.

விடயம் என்பது ஓர் ஆளாக இருக்கலாம். ஒரு குடும்பம், ஒரு கோயிலின் பரிபாலன சபை, ஒரே வாய்க்காலில் தண்ணீர் எடுக்கும் விவசாயிகள், ஓர் அரசாங்கம் எடுத்த ஒரு தீர்மானம் எதுவாகவும் இருக்கலாம். ஒரு நாளாகக்கூட இருக்கலாம். மக்ஸ் குளுக்மன் என்ற மானிடவியலாளர் 1938 இல் தென்னாபிரிக்காவின் சூலுலாந்தில் நடந்த ஒரு பாலத் திறப்பு விழாவை எடுத்துக்கொண்டார். யார் எந்தக் கரையில் நின்றார்கள், யார் யாரோடு தேநீர் அருந்தினார்கள், யார் பேச யார் கேட்டார்கள் என்பதையெல்லாம் குறித்துவைத்து, 1940 இல் கட்டுரையாக வெளியிட்டார். வெள்ளையரும் சூலு மக்களும் பிரிந்து நின்றபோதும் ஒரே சமூக ஒழுங்குக்குள் ஒருவரோடொருவர் கட்டுண்டிருந்தார்கள் என்பதை அந்த ஒரு நாளின் விபரங்களிலிருந்தே காட்டினார். பாலத்தை ஆராயப் போகும் உங்களுக்கு இதைவிடப் பொருத்தமான முன்னோடி கிடைக்க மாட்டார்.

முறையியல் நூல்களில் எல்லோரும் மேற்கோள் காட்டும் ரொபேர்ட் யின், 1984 இலிருந்து பல பதிப்புகளாகச் சொல்லிவரும் வரையறையின் சாரம் இது: ஒரு சமகால நிகழ்வை, அது நடக்கும் சூழலுக்குள் வைத்தே ஆழமாக ஆராய்வது, நிகழ்வு எங்கே முடிகிறது, சூழல் எங்கே தொடங்குகிறது என்று கோடு கிழிக்க முடியாத இடங்களுக்கே இது உரிய முறை. கேள்வி 'எப்படி', 'ஏன்' என்று தொடங்கினால் விடய ஆய்வு. 'எத்தனை பேர்', 'எவ்வளவு வீதம்' என்று தொடங்கினால் அளவீட்டு ஆய்வு. அங்கே விடய ஆய்வோடு மல்லுக்கட்டக் கூடாது. உங்கள் கேள்வியில் 'எப்படி மாறியது' என்றிருக்கிறது. பாலத்தை மட்டும் தனியே பிரித்தெடுத்துப் பார்க்கவும் முடியாது, ஏனென்றால் பாலத்தோடு பஸ் வந்தது, கணவரின் மோட்டார் சைக்கிள் வந்தது, வீடுதேடி வரும் கடன் கம்பனிக்காரரும் வந்தார். ஆகவே முறைத் தெரிவு சரி.

ஆனால் நீங்கள் இன்னும் ஒரு விடயத்தைத் தெரிவு செய்யவில்லை. ஓர் ஊரைத்தான் தெரிவு செய்திருக்கிறீர்கள். நான் எந்த மாணவரிடமும் முதலில் கேட்கும் கேள்வி இது: உங்கள் ஊர் எதன் விடயம்?

மண்முனைத்துறையில் 2014 இல் பாலம் திறக்கும்வரை இருந்தது பாதை. வெளிமாவட்ட வாசகர்களுக்காகச் சொல்கிறேன்: எங்கள் பக்கத்தில் பாதை என்றால் வாவியைக் கடக்கும் மிதவை. ஆட்கள், சைக்கிள், மோட்டார் சைக்கிள், நெல்மூட்டை எல்லாம் ஒன்றாக ஏறும். காத்திருப்பதும் பயணத்தில் சேர்த்தி. இப்போது அந்த இடத்தில் பாலம். இது எதன் விடயம் என்று கேட்டால் குறைந்தது மூன்று பதில்கள் சொல்லலாம். தூரம் குறைந்ததும் பெண்களுக்குக் கூலி வேலை திறந்ததா என்ற கேள்விக்கு இது ஒரு விடயம் எனலாம். அப்படியானால் காலையில் வாவியின் கிழக்குப் பக்கமான எழுவான்கரைக்குக் கடைகளுக்கும் தையல் நிலையங்களுக்கும் வேலைக்குப் போகும் இளம் பெண்கள்தான் உங்கள் மையம். இல்லை, சந்தை திறந்ததும் சிறு விற்பனையாளருக்கு என்ன நடந்தது என்பதற்கு இது ஒரு விடயம் எனலாம். அப்போது தயிர்ச்சட்டியும் கீரையும் கொண்டு கடந்த நடுத்தர வயதுப் பெண்கள் மையத்துக்கு வருவார்கள். அவர்களிடம் வாங்கியவர்கள் இப்போது லொறியோடு நேரே ஊருக்குள் வருகிறார்களா என்று பார்க்க வேண்டிவரும். அல்லது, ஒரு பெண் வெளியே போய்வருவதை ஊர் எப்படிக் கண்காணிக்கிறது என்பதற்கு இது ஒரு விடயம் எனலாம். பாதையில் ஏறினால் ஊரே பார்க்கும். யாரோடு போனாள், எப்போது திரும்பினாள் என்பது துறையில் நிற்கும் எல்லோருக்கும் தெரியும். பாலத்தில் ஸ்கூட்டியில் போகிறவளை யார் பார்ப்பார்? அந்தக் கண்காணிப்புக் குறைந்ததா, அல்லது கைத்தொலைபேசிக்கு இடம் மாறியதா?

மூன்றும் ஒரே ஊர், ஒரே பாலம். ஆனால் மூன்று வேறு ஆய்வுகள். பேச வேண்டிய ஆட்கள் வேறு, பார்க்க வேண்டிய ஆவணங்கள் வேறு, ஆய்வின் கால எல்லையும் வேறு. "பெண்களின் வாழ்க்கை எப்படி மாறியது" என்று பொதுவாக வைத்துக்கொண்டால், முதலாம் அத்தியாயத்தில் ஊரின் அமைவிடம், இரண்டாம் அத்தியாயத்தில் கோயிலும் பாடசாலையும், மூன்றாம் அத்தியாயத்தில் சனத்தொகை அட்டவணை என்று ஊர்ப் புராணம் எழுதி முடித்து, ஆய்வின் முடிவுக்கு மூன்று பக்கம் ஒதுக்குவீர்கள். அப்படி எழுதிய பிள்ளைகள் பலரை எனக்குத் தெரியும். பட்டமும் கிடைத்தது; யாரும் வாசிக்கவில்லை. எனக்கு மூன்றாவது கேள்வி பிடித்திருக்கிறது, ஆனால் ஆய்வு உங்களுடையது.

இனிப் பொதுமையாக்கம். "ஒரு பானைச் சோற்றுக்கு ஒரு சோறு பதம்" என்று நாங்கள் சொல்கிறோம். அந்தப் பழமொழி ஏன் செல்லுபடியாகிறது என்று யோசித்திருக்கிறீர்களா? எல்லாம் ஒரே அரிசி, ஒரே தண்ணீர், ஒரே நெருப்பு. அதனால் ஒன்றை நசுக்கிப் பார்த்தால் மற்றதும் தெரியும். ஊர்கள் அப்படி வேகவில்லை. அக்கரைப்பற்றும் ஆரையம்பதியும் ஒரே கரையில் இருந்தாலும் ஒரே பானையில் இல்லை. ஆகவே "என் ஊர் மற்ற ஊர்களுக்கு மாதிரி" என்று வாதாடினால் நீங்கள் தோற்றுப்போவீர்கள். விடய ஆய்வின் வாதம் வேறு இடத்தில் நிற்கிறது. ஒரு காரணம் ஒரு விளைவை எந்த வழியாகக் கொண்டுவருகிறது என்பதை ஓர் இடத்தில் கண்ணிகண்ணியாகக் காட்டுகிறீர்கள். அந்த விளக்கம்தான் மற்ற இடங்களுக்குப் பயணிக்கும். இதைத்தான் யின் கோட்பாட்டு வழிப் பொதுமையாக்கம் என்று பிரித்துச் சொல்கிறார்.

எங்கள் கரையிலேயே இதற்கு நல்ல எடுத்துக்காட்டு இருக்கிறது. டெனிஸ் மக்கில்வ்ரே என்ற அமெரிக்க மானிடவியலாளர் 1960களின் இறுதியில் அக்கரைப்பற்றுக்கு வந்து தங்கினார். பிறகும் திரும்பத் திரும்ப வந்து, 2008 இல் அந்தப் பகுதித் தமிழ், முஸ்லிம் சமூகங்களைப் பற்றிப் பெரிய நூலொன்றை வெளியிட்டார். தமிழரிடமும் முஸ்லிம்களிடமும் தாய்வழிக் குடிமுறை (பிள்ளைகள் தாயின் குலக்குழுவைச் சேர்வது) இருப்பதையும், கோயிலில் குடிகளுக்கு உரிமை இருப்பதுபோலப் பள்ளிவாசல் நிருவாகத்தில் குடிக்கு ஒரு மரைக்காயர் இருந்ததையும், வீடு மகளுக்குச் சீதனமாகப் போக மருமகன் அங்கே வந்து வாழ்வதையும் விபரமாக எழுதினார். எங்களுக்கு இது அன்றாடம். ஆனால் முஸ்லிம் சமூகம் என்றாலே தந்தைவழிச் சமூகம்தான் என்று எங்காவது ஒரு பொது விதி சொல்லப்பட்டால், அதை உடைக்க அக்கரைப்பற்று ஒன்றே போதும். ஆயிரம் ஊர் தேவையில்லை. ஒரு விடயம் ஒரு விதியை நிரூபிக்காது, முறித்துவிடும். 2006 இல் பென்ட் ஃபிளிவ்பியர்க் என்ற டென்மார்க் ஆய்வாளர் விடய ஆய்வு பற்றிய தவறான எண்ணங்களை வரிசைப்படுத்தி எழுதிய கட்டுரையின் பலமான வாதங்களில் இதுவும் ஒன்று. உங்கள் மேற்பார்வையாளருக்கு ஒரு கட்டுரைதான் கொடுக்க முடியும் என்றால் அதைக் கொடுங்கள்.

இரண்டாவது எடுத்துக்காட்டு அம்பாறையில். 1949 ஆம் ஆண்டுச் சட்டத்தின் கீழ்த் தொடங்கிய கல்லோயாத் திட்டத்தின் இடதுகரை, 1980 அளவில், நாட்டின் பெரிய நீர்ப்பாசனத் திட்டங்களுள் மிக மோசமாகச் சீர்குலைந்ததெனப் பெயரெடுத்திருந்தது. மதகு உடைந்திருந்தது, வாய்க்கால் தூர்ந்திருந்தது, தலைப்பகுதியில் எடுத்தது போகக் கடைசி வயலுக்குத் தண்ணீர் போகவில்லை. தலைப்பகுதியில் பெரும்பாலும் சிங்கள விவசாயிகள், கடைசிப் பகுதியில் தமிழ் விவசாயிகள் என்பது இன்னொரு சிக்கல். அங்கே கோர்னெல் பல்கலைக்கழகமும் கமநல ஆராய்ச்சி, பயிற்சி நிறுவனமும் சேர்ந்து, இளம் பட்டதாரிகளை அமைப்பாளர்களாக ஊர்களில் தங்கவைத்து, வாய்க்கால் வாய்க்காலாக விவசாயிகளைக் குழுக்களாக்கின. 1981 சிறுபோகத்தில் குளத்தில் தண்ணீர் மிகக் குறைவு. சண்டை வர வேண்டிய நேரம். ஆனால் விவசாயிகள் சேர்ந்து வாய்க்கால் துப்புரவாக்கி, முறைவைத்துத் தண்ணீர் பகிர்ந்து, மேலே மிச்சம் பிடித்ததைக் கீழே விட்டார்கள். இந்த வேலையில் பங்கெடுத்த கோர்னெல் பேராசிரியர் நோர்மன் அப்ஹொவ் இதை 1992 இல் நூலாக எழுதினார்.

இந்த விடயம் ஏன் உலகம் முழுவதும் மேற்கோளானது? கல்லோயா சராசரியான இடம் என்பதால் அல்ல. நடக்கவே நடக்காது என்று எல்லோரும் நினைத்த இடம் என்பதால். மிகக் கடினமான இடத்தில் ஒரு விளக்கம் தாக்குப்பிடித்தால், எளிதான இடங்களில் அது நிற்கும் என்று நம்ப நியாயம் இருக்கிறது. சமூகவியலாளர் ரொபேர்ட் மிஷெல்ஸ் 1911 இலேயே இந்தத் தர்க்கத்தைப் பயன்படுத்தினார். அமைப்பு பெரிதாகும்போது அதிகாரம் ஒரு சிலர் கைக்குப் போய்விடும் என்று காட்ட, அவர் எடுத்தது சனநாயகத்துக்காகவே நிற்பதாகச் சொல்லிக்கொண்ட ஜேர்மன் சமூக சனநாயகக் கட்சியை. அங்கேயே அப்படி என்றால் மற்ற இடங்களில்? விடயத்தைத் தெரிவு செய்வது இப்படித்தான். "எனக்கு வசதி, வீட்டிலிருந்து போய்வரலாம்" என்பது உண்மையான காரணமாக இருக்கலாம். நானும் அப்படிச் செய்திருக்கிறேன். ஆனால் அது மட்டும் போதாது. உங்கள் ஊர் கடினமான விடயமா, எளிதான விடயமா, வழமைக்கு மாறான விடயமா என்று ஒரு பந்தியில் எழுத முடிய வேண்டும்.

வெற்றியை மட்டும் தெரிவு செய்யும் பழக்கத்தையும் இங்கேயே சொல்லிவிடுகிறேன். நன்றாக நடக்கும் மாதர் சங்கம் ஒன்றைத் தேடிப் பிடித்து, அங்கே நல்ல தலைவி இருந்தார், ஆகவே நல்ல தலைவி இருந்தால் சங்கம் நன்றாக நடக்கும் என்று முடிப்பார்கள். இழுத்து மூடிய பக்கத்து ஊர்ச் சங்கத்திலும் அதேபோல் ஒரு நல்ல தலைவி இருந்தாரா என்று யாரும் போய்ப் பார்ப்பதில்லை.

உங்கள் ஆய்வில் அந்தப் 'பக்கத்து ஊர்' இயற்கையாகவே கிடைத்திருக்கிறது, நீங்கள் கவனிக்கவில்லை. மண்முனையில் பாலம் திறந்த பிறகும் குருக்கள்மடம் – அம்பிளாந்துறை, குறுமண்வெளி – மண்டூர் துறைகளில் பாதை தொடர்ந்து ஓடியது. ஒரே வாவி, ஒரே படுவான்கரை, ஒரே விதமான வயலும் மாடும். ஒரு கடவையில் பாலம், மற்றதில் மிதவை. இதை ஏன் சொல்கிறேன் என்றால், உங்களை எதிர்க்கும் விளக்கங்கள் வரிசையில் நிற்கின்றன. படுவான்கரை மக்கள் 2007 இல் பெருந்தொகையாக இடம்பெயர்ந்து, பிறகு மீளக்குடியேறினார்கள். 2009 இல் போர் முடிந்தது. 2011 சனவரி வெள்ளம் வந்தது. வீதிகள் போட்டார்கள், மின்சாரம் வந்தது, குத்தகைக்கு மோட்டார் சைக்கிள் எடுக்க வழி வந்தது. உங்கள் ஊரில் ஒரு பெண் இப்போது காத்தான்குடிக் கடையில் வேலை செய்கிறாள் என்றால் அது பாலத்தாலா, வீதியாலா, போர் முடிந்ததாலா? மற்றக் கடவையை அண்டிய ஓர் ஊரிலும் அதே மாற்றம் நடந்திருந்தால் பாலத்துக்குப் பெயர் கொடுக்க முடியாது. அங்கே நடக்காமல் உங்கள் ஊரில் மட்டும் நடந்திருந்தால் உங்கள் வாதம் இறுகும். இரண்டு ஊர்களையும் சம ஆழத்தில் செய்ய இறுதியாண்டில் நேரம் கிடையாது. உங்கள் ஊரை முழுமையாகவும், மற்றதை ஒரு வாரம் ஒப்பீட்டுக்காகவும் செய்யுங்கள். அப்படிச் செய்ததை மறைக்காமல் எழுதுங்கள்.

தரவு சேகரிப்பில் ஒரே விதி: எந்த ஒரு முடிவும் ஒரேயொரு மூலத்தில் தொங்கக் கூடாது. நேர்காணல் ஒன்று, நேரில் கண்டது ஒன்று, எழுத்தில் இருப்பது ஒன்று. எழுத்தில் இருப்பது என்றதும் பிரதேச செயலகத்தின் புள்ளிவிபரக் கையேட்டோடு நின்றுவிடாதீர்கள். பாடசாலை வரவு இடாப்பில் ஆசிரியர்களின் வரவு நேரம் இருக்கும். பாதை ஓடிய காலத்து மழை நாட்களையும் இப்போதைய மழை நாட்களையும் ஒப்பிடலாம், அதிபர் அனுமதித்தால். பால் சேகரிக்கும் இடத்தில் கொப்பி இருக்கும். மாதர் சங்கத்துக் கூட்ட அறிக்கைப் புத்தகத்தில், பாலம் கேட்டு எழுதிய தீர்மானங்களும் பிறகு பஸ் கேட்டு எழுதியவையும் இருக்கக்கூடும். சனம் சொல்வதையும் புத்தகம் சொல்வதையும் பக்கத்தில் வைத்துப் பார்க்கும்போதுதான் ஆய்வு தொடங்குகிறது.

இதை நான் நூலில் படித்துத் தெரிந்துகொள்ளவில்லை. 2004 திசம்பர் 26 இல் கடல் வந்த பிறகு, அடுத்த ஆண்டு கரையோர ஊரொன்றில் குடும்பங்களை நேர்காணச் சென்றேன். அப்போது கிழக்கில் கடலிலிருந்து 200 மீற்றருக்குள் வீடு கட்டக் கூடாது என்று தடை வலயம் அறிவித்திருந்தார்கள். வீடு இருந்த இடம் கடலிலிருந்து எவ்வளவு தூரம் என்று கேட்டேன். பதினான்கு வீட்டாரும் இருநூறுக்கு மேலே சொன்னார்கள். ஒருவர் இருநூற்றிப் பத்து, ஒருவர் இருநூற்றிருபது. சுத்தமான தரவு என்று கொப்பியில் எழுதிக்கொண்டேன். பின்னேரம் வெயில் தணிந்த பிறகு, சும்மா, ஓர் அத்திவாரத்திலிருந்து கடல்வரை காலால் அளந்து நடந்தேன். நூற்றுமுப்பது அடிவைப்பில் என் செருப்பு நனைந்தது. அவர்கள் பொய் சொன்னார்கள் என்று நான் எழுதவில்லை. கேள்வி கேட்கிறவன் கையில் வீடு இருக்கிறது என்று நினைத்து, அந்த வீட்டுக்கான பதிலைச் சொன்னார்கள். மறுநாள் ஓர் அம்மா கதவிலேயே நிறுத்திக் கேட்டார்: "தம்பி, இது வீட்டுத் திட்டப் படிவமா, வாழ்வாதாரப் படிவமா?" இரண்டும் இல்லை என்றதும் அவர் கதிரை எடுத்துப் போட்டு, அதுவரை யாரும் சொல்லாததைச் சொல்லத் தொடங்கினார். வினாக்கொத்தை மட்டும் வைத்திருந்தால் எனக்குப் பதினான்கு பிழையான எண்கள் மட்டுமே மிஞ்சியிருக்கும். அளந்து பார்த்ததால் இன்னொரு கேள்வி கிடைத்தது: உதவி கொடுக்கும் முறையே மக்களின் பதில்களை எப்படி வடிவமைக்கிறது?

எண்ணுவதற்கு முன் எதை எண்ணுகிறோம் என்று அறியவும் இந்த முறை வேண்டும். 'பெண் தலைமைத்துவக் குடும்பம்' என்ற சொல் எங்கள் மாவட்டத்து ஒவ்வொரு திட்ட அறிக்கையிலும் இருக்கிறது. கணக்கெடுக்க வருகிறவர் "குடும்பத் தலைவர் யார்?" என்று கேட்கிறார். கணவர் பெயரைச் சொல்கிறார்கள். ஆனால் வீடு மனைவியின் சீதனம். உறுதி அவள் பெயரில். பக்கத்து வளவில் அவளுடைய அம்மா, அதற்கடுத்ததில் தங்கை. முடிவுகள் அந்த மூன்று அடுப்படிகளுக்கு இடையில் நடக்கின்றன. கணவர் இறந்தால் அவள் 'தலைவி' ஆகிறாள். அதற்கு முந்தைய நாள் அவள் யாராக இருந்தாள்? இன்னொன்று: வீட்டுப் பணிக்காக மத்திய கிழக்குக்குப் போன தாயின் பிள்ளைகளை வளர்ப்பது பெரும்பாலும் அம்மம்மா. மகளின் வளவிலேயே அம்மம்மா இருப்பதுதான் மகளைப் போகவிடுகிறதா? இது எனது கருதுகோள், முடிவல்ல. ஆனால் இதைச் சோதிக்க ஐந்து குடும்பங்களோடு ஆறு மாதம் இருக்க வேண்டும். ஐநூறு குடும்பங்களுக்கு ஒரு படிவம் அனுப்பி அறிய முடியாது. ஐந்து குடும்பங்களில் வழி தெளிந்த பிறகு, அது எவ்வளவு பரவலானது என்றறிய ஐநூறு படிவம் அனுப்பலாம். இரு முறைகளும் எதிரிகள் அல்ல. யார் முந்தி, யார் பிந்தி என்பதுதான் பேச்சு.

நீங்கள் அதே ஊர்க்காரி என்பதில் லாபமும் இருக்கிறது, நட்டமும் இருக்கிறது. கதவு உடனே திறக்கும். ஆனால் "உனக்குத் தெரியாததா, பிள்ளை" என்று சொல்லி, தேவையான இடத்தில் பேச்சை முடித்துவிடுவார்கள். அந்த வாக்கியம் வரும் ஒவ்வொரு தடவையும் கொப்பியில் ஒரு குறி போடுங்கள். ஊர் எதைச் சொல்லத் தேவையில்லை என்று நினைக்கிறதோ, பெரும்பாலும் அதுதான் உங்கள் ஆய்வு. தெரியாதவள் போல் நடிக்க வேண்டாம், பிடிபட்டுவிடுவீர்கள். "தெரியும், ஆனால் உங்கள் வாயால் கேட்க வேண்டும்" என்று சொல்லலாம்.

பெயரை மாற்றினால் ஆளை மறைத்துவிட்டோம் என்ற நம்பிக்கை எங்களிடம் இருக்கிறது. "கணவரை இழந்த, தையல் கடை வைத்திருக்கும், மூன்று பெண்பிள்ளைகளின் தாய் 'மாலா'" என்று எழுதினால் ஊரில் யாருக்குத் தெரியாது? ஆங்கிலத்தில் எழுதிய காலத்தில் ஊர் வாசிக்காது என்று தப்பித்தோம். நீங்கள் தமிழில் எழுதுகிறீர்கள். ஆய்வேடு கைத்தொலைபேசியில் சுற்றும். கடன் விபரம், வீட்டுக்குள் நடக்கும் அடிதடி, வெளிநாடு போனவர் பற்றிய வதந்தி ஆகியவற்றை அப்படியே எழுதக் கூடாது. இரண்டு பேரின் விபரங்களைக் கலந்து ஒருவராக்குவதை நான் ஏற்பதில்லை, அது தரவைக் கெடுக்கும். அடையாளம் காட்டும் விபரத்தை விட்டுவிட்டு, விட்டதைச் சொல்வதே நேர்மை. ஊரின் பெயரை மறைக்கலாமா என்று கேட்பீர்கள். பாலத்தின் பெயரைச் சொன்ன பிறகு ஊரை மறைப்பது கடினம். ஆகவே ஆட்களை இன்னும் கவனமாக மறையுங்கள். எழுதிய பகுதியை அவர்களிடம் வாசித்துக் காட்டுங்கள். எங்கே திருத்தச் சொல்கிறார்கள் என்பதும் தரவு.

எத்தனை நேர்காணல் போதும் என்ற கேள்விக்கு நான் எண் சொல்ல மாட்டேன். புதிதாகப் பேசுகிறவர் என்ன சொல்லப்போகிறார் என்று முன்கூட்டியே ஊகிக்க முடிகிற கட்டம் ஒன்று வரும். அப்போது உங்கள் விளக்கத்தைப் பிழையென்று காட்டக்கூடிய ஒருவரைத் தேடிப் போங்கள். பாலத்தால் நட்டப்பட்ட ஒருவர் நிச்சயம் இருப்பார்: துறையடியில் கடை வைத்திருந்தவர், பாதை ஓட்டியவர். அவர் சொல்வதையும் தாங்கி நின்றால் எழுத உட்காரலாம்.

மேற்பார்வையாளரிடம் வாதாடப் போகாதீர்கள். ஒரு பக்கம் எழுதிக்கொண்டு போங்கள்: கேள்வி ஒரு வாக்கியம், இது எதன் விடயம் என்று ஒரு வாக்கியம், ஏன் இந்த ஊர், எந்தக் கடவையோடு ஒப்பீடு, எந்த மூலங்கள், எந்த மாற்று விளக்கங்களைத் தள்ளப் போகிறீர்கள். அவர் அப்போதும் வினாக்கொத்து வேண்டும் என்றால், ஊரின் வீடுகளுக்கெல்லாம் ஒரு பக்கக் கணக்கெடுப்பு ஒன்று செய்யுங்கள்: யார் வாவியைக் கடக்கிறார்கள், எதற்கு, எதில், வாரத்தில் எத்தனை நாள். அது உங்களுக்கும் உதவும், ஆழமாகப் பேச வேண்டிய வீடுகளை அதிலிருந்து தெரிவு செய்யலாம். அவருக்கும் வீதம் கிடைக்கும்.

அதற்கு முன் ஒரு திங்கட்கிழமை, பாதை ஓடும் துறை ஒன்றுக்கு முதல் பயணத்துக்கு முன்பே போய்விடுங்கள். வினாக்கொத்து வேண்டாம், கொப்பி மட்டும். யார் யாரோடு வருகிறார்கள், யார் யாருக்கு இடம் விடுகிறார்கள், எந்தப் பேச்சு யார் வந்ததும் நிற்கிறது என்று எழுதுங்கள். பிறகு மண்முனைக்கு வந்து, பாலத்தின் தொங்கலில் அதே அளவு நேரம் நில்லுங்கள். அங்கே எழுத எதுவும் இல்லை என்று தோன்றும். அதையும் எழுதிக்கொள்ளுங்கள்.